முதல் தட்டு காலி: பி.ஓ.டி. குழுவின் ரெகே பற்றி ஒரு பதில்

கேட்டவர் ஒரு சபையின் யூத் பேண்டில் கிட்டார் வாசிக்கிறார். அவர் கேட்டதைச் சுருக்கினால் இப்படி வரும்: "பி.ஓ.டி. கிறிஸ்தவ ராப்-ராக் குழு என்கிறார்கள். கிட்டார் இடி மாதிரி விழுகிறது, நடுவில் திடீரென்று ஜமைக்கா நாட்டு ரெகே தாளம் வருகிறது, 'ஜா' என்று பாடுகிறார்கள். இந்த ரெகே மேலே தூவிய மசாலாவா, உள்ளேயே ஊறியதா? 'ஜா' ராஸ்தஃபாரி மதத்துச் சொல் ஆயிற்றே, சபை மூப்பர் கேட்டால் என்ன பதில் சொல்வது? இந்தப் பாணியில் நாங்கள் வாசித்துப் பார்க்கலாமா?" மூன்று கேள்வி போலத் தெரிகிறது. அடியில் இருப்பது ஒன்றுதான்: ஒட்டாத இரண்டை இவர்கள் பிசின் போட்டு ஒட்டியிருக்கிறார்களா, அல்லது அவை பிறவியிலேயே உறவுக்காரர்களா?

உறவுக்காரர்கள்தான் என்பது என் பதில். அதைச் சொல்ல எனக்கென்ன தகுதி என்றால், இருபது வருஷத்துக்கு மேல் சபைகளில் பேஸ் கிட்டார் வாசித்திருக்கிறேன், கை கொஞ்சம் மக்கர் செய்ய ஆரம்பித்த பிறகு ஒலியைச் சரிசெய்யும் மிக்ஸர் பக்கம் உட்கார்ந்துவிட்டேன். இறையியல் படித்தவன் அல்ல. ஆகவே தாளத்தைப் பற்றி நான் சொல்வதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளுங்கள். வேதத்தைப் பற்றிச் சொல்வதை உங்கள் போதகரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் ஆட்கள் யார் என்று தெரியவேண்டும். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் சான் டியேகோ நகரத்தின் தென்கோடியில் சான் இசிட்ரோ என்று ஒரு பகுதி. அதைத் தாண்டினால் மெக்சிகோவின் டிஹுவானா. உலகிலேயே அதிக நெரிசலான தரைவழி எல்லைச் சாவடிகளில் ஒன்று அங்கேதான் இருக்கிறது. அந்தத் தென்பகுதியை உள்ளூர்க்காரர்கள் 'சவுத்டவுன்' என்பார்கள். குழு உருவானது 1992-இல். பாடகர் சன்னி சாண்டோவலும் டிரம்மர் வவ் பெர்னார்டோவும் ஒன்றுவிட்ட சகோதரர்கள். கிட்டார் மார்கோஸ் கூரியல். சற்றுப் பின்னால் வந்து சேர்ந்த பேஸ்காரர் ட்ரா டேனியல்ஸ். மெக்சிக்க வேர், பசிபிக் தீவு வேர், கறுப்பின வேர் எல்லாம் ஒரே மேடையில் நின்றன. தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துக்கத்தில்தான் சன்னி விசுவாசத்துக்குத் திரும்பினார், அதையொட்டித்தான் குழுவுக்கும் வந்தார். அவர் வருவதற்கு முன்னால் வவ்வும் மார்கோஸும் சும்மா சேர்ந்து வாசித்துப் பழகிய பாட்டுகள் யாருடையவை தெரியுமா? மெட்டாலிகா, ஸ்லேயர், பேட் பிரெய்ன்ஸ். இந்தக் கடைசிப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

குழுவின் பெயரே ஒரு வங்கிச் சொல். 'பேயபிள் ஆன் டெத்', அதாவது கணக்கு வைத்திருப்பவர் இறந்தால் பணம் இன்னாருக்குப் போகும் என்று எழுதிவைக்கும் ஏற்பாடு. நம் ஊர் வங்கியில் நாமினி பெயர் எழுதச் சொல்கிறார்களே, கிட்டத்தட்ட அதுதான். ஒருவர் மரித்தார், நமக்கு வரவு வைக்கப்பட்டது என்பது கிறிஸ்தவ நம்பிக்கையின் நடு நரம்பு. அதை வங்கிப் படிவத்திலிருந்து எடுத்துக்கொண்டார்கள். இதைச் சொன்னபோது எங்கள் சபையில் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "நாமினேஷன் ஃபார்ம் நிரப்பாத விசுவாசிகள்தான் இங்கே பாதிப்பேர்" என்றார்.

தொடக்கத்தில் வவ்வின் அப்பா நடத்திய ரெஸ்க்யூ ரெக்கார்ட்ஸ் என்ற சின்ன நிறுவனத்தில்தான் பாடல் தொகுப்புகளை வெளியிட்டார்கள். 'ஸ்னஃப் தி பங்க்' 1994-இல், 'பிரவுன்' 1996-இல். வேனில் ஊர் ஊராகப் போய் வாசித்த காலம் அது. பிறகு அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ் கைக்கு மாறி, 1999-இல் 'தி ஃபண்டமென்டல் எலமென்ட்ஸ் ஆஃப் சவுத்டவுன்' வந்தது. அது அமெரிக்காவில் 10 லட்சம் பிரதிகள் என்ற பிளாட்டினம் கணக்கைத் தாண்டியது. அடுத்தது 'சாட்டிலைட்'. வெளியான தேதி 2001 செப்டம்பர் 11. ஆமாம், அதே நாள்தான். அமெரிக்கா முழுதும் தொலைக்காட்சி முன்னால் உறைந்து உட்கார்ந்திருந்த வாரத்தில், 'அலைவ்' என்று, உயிரோடிருக்கிறேன் என்று, அதிலிருந்து ஒரு பாட்டு ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருந்தது. அந்தத் தொகுப்பு அமெரிக்காவின் பில்போர்டு விற்பனைப் பட்டியலில் 6-ஆம் இடத்தில் நுழைந்து, பின்னால் 30 லட்சம் கணக்குக்குப் போனது. அதே வாரம் ஒரு பெரிய வானொலி நிறுவனம் தன் நிலையங்களுக்கு 'இவற்றைப் போடுவதற்கு முன் யோசியுங்கள்' என்று ஒரு பட்டியல் அனுப்பியது. அதில் இதே தொகுப்பின் 'பூம்' இருந்தது. இன்னொரு வேடிக்கை: இவர்கள் சின்ன வயதில் வாசித்துப் பழகிய ஸ்லேயரின் புதுத் தொகுப்பும் அதே நாளில் வந்தது. அதன் தலைப்புக்கு 'கடவுள் நம் எல்லோரையும் வெறுக்கிறார்' என்று பொருள். இரண்டையும் ஒரே தட்டில் அடுக்கிய கடைக்காரர் என்ன நினைத்திருப்பாரோ.

சரி, ரெகே எங்கே வந்தது? நம்மில் பலர் நினைப்பது போல ராப் ஒரு பக்கம், ரெகே இன்னொரு பக்கம் இல்லை. ஹிப்-ஹாப்பின் பிறப்பிடம் நியூயார்க்கின் பிராங்ஸ். அங்கே 1973-இல் முதல் பார்ட்டியை நடத்தியதாக எல்லோரும் சொல்லும் டிஜே கூல் ஹெர்க் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்து, பையனாக இருக்கும்போது 1967-இல் பிராங்ஸுக்குக் குடிபெயர்ந்தவர். தெருவில் பெரிய ஸ்பீக்கர் அடுக்கி, இசைத்தட்டைச் சுழலவிட்டு, அதன்மேல் மைக்கில் பேசும் பழக்கம் கிங்ஸ்டன் தெருக்களில் அதற்கு முன்பே ஊறியிருந்தது. ஆக, ராப் பாடுகிறவன் ரெகே பக்கம் சாய்ந்தால் அது பெரியப்பா வீட்டுக்குப் போவது மாதிரி. கனத்த கிட்டார்தான் இந்த வீட்டுக்கு வந்த மருமகள். அவளை எப்படிக் கூட்டி வந்தார்கள் என்பதுதான் சுவாரசியமான பகுதி.

கையைத் தட்டிக்கொண்டே படியுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று நிதானமாக எண்ணுங்கள். சாதாரண ராக் என்றால் கிக் டிரம் (காலால் பெடலை மிதித்து அடிக்கும் பெரிய டிரம்) ஒன்றில் விழும், ஸ்நேர் (குச்சியால் அடிக்கும் சின்ன டிரம்) இரண்டிலும் நான்கிலும் விழும். ரெகேயில் 'ஒன் டிராப்' என்று ஒரு அடி உண்டு. அதில் ஒன்றாம் எண்ணிக்கை காலி. டிரம்மர் அங்கே கிக்கையும் தொடமாட்டார், ஸ்நேரையும் தொடமாட்டார். கிக்கும் ஸ்நேரும் சேர்ந்து மூன்றில் விழும். கிட்டார் இரண்டிலும் நான்கிலும் 'சக்' 'சக்' என்று வெட்டும். இடையில் பேஸ் தனக்கென்று ஒரு மெட்டு பாடிக்கொண்டு போகும். கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. சமத்தில் எடுக்காமல் இடம் தள்ளி எடுக்கும் கீர்த்தனைகளில், தாளத்தின் முதல் தட்டு பாடகரின் வாய்க்குள் மௌனமாக விழும். வாசிக்காமல் விட்ட தட்டு, வாசித்ததைவிட உரக்கக் கேட்கும்.

இப்போது கனமான ராக் குழுக்கள் கோரஸில் செய்யும் ஒரு வேலையைப் பாருங்கள். வேகத்தை மாற்றாமலே பாட்டைப் பாதியாக மெதுவாக்கிக் காட்டுவார்கள், 'ஹாஃப் டைம்' என்போம். அப்போது கிக் ஒன்றில், ஸ்நேர் மூன்றில். மறுபடி படியுங்கள்: ஸ்நேர் மூன்றில். ஒன் டிராப்பிலும் அடி மூன்றில்தான். முக்கியமான வித்தியாசம் முதல் தட்டில் ஒரு கிக் இருக்கிறதா இல்லையா என்பதுதான். சரணத்தில் ரெகே வாசித்துக்கொண்டிருக்கும் டிரம்மர், கோரஸ் வந்ததும் அந்தக் காலி இடத்தில் ஒரு கிக்கை வைத்தால் போதும், கிட்டார்காரர் ஒலியைக் கனமாக்கும் பெடலை மிதித்துவிடலாம். தாளம் உடையாது, வேகம் மாறாது, கேட்கிறவருக்கு மட்டும் தரை நழுவி மறுபடி வந்து ஒட்டியது போல இருக்கும். கதவின் கீல் இதுதான். இந்தக் கணக்கு பாடப்புத்தகச் சமாச்சாரம், யாரும் சரிபார்த்துக்கொள்ளலாம். பி.ஓ.டி. இப்படி யோசித்துத்தான் செய்தார்கள் என்று சொன்னால் அது என் ஊகம். கையில் பழகியவர்கள் யோசிப்பதில்லை.

சொல்வது சுலபம். எங்கள் யூத் பேண்ட் பையன்கள் ஒருமுறை கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கு இப்படி ஒரு பாட்டைத் தயார் செய்தார்கள். கீபோர்டு தம்பி யமஹாவில் ஸ்டைல் பட்டனை அமுக்கி ரெகேயை ஓடவிட்டான். டிரம்மர் அதன்மேல் வாசித்தான். ஏதோ குறைகிறது, என்ன என்று தெரியவில்லை. அரை மணி நேரம் கேட்டபிறகுதான் பிடிபட்டது: டிரம்மரின் வலது கால். முதல் தட்டில் கிக்கை அடிக்காமல் இருக்க அவனால் முடியவில்லை. பத்து வருஷமாக ஒன்றில் கிக் போட்டுப் பழகிய கால் அது. கடைசியில் ஷூவைக் கழற்றச் சொல்லி, காலைப் பெடலிலிருந்து எடுத்துத் தரையில் வைத்து, "ஒன்று வரும்போது மூச்சை இழு, மூன்று வரும்போது விடு" என்றேன். பத்து நிமிஷத்தில் வந்துவிட்டது. கீபோர்டு ஸ்டைலை நிறுத்தினோம். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்து வாசிக்க ஆரம்பித்தார்கள்.

அடுத்த பிரச்சினை டிஸ்டார்ஷன், அதாவது கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கிக் கனமாக்குவது. ரெகே உயிரோடிருப்பது இடைவெளியில். டிஸ்டார்ஷன் இடைவெளியை நிரப்பும் பொருள். ஒரு கார்டை அடித்தால் அது ஊதுபத்திப் புகை மாதிரி அறை முழுக்கப் பரவிக்கொண்டே இருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டால் இரண்டும் செத்துவிடும். ஆகவே இந்தப் பாணியில் நன்றாக வாசிக்கும் குழுக்கள் பெரும்பாலும் கலப்பதில்லை, அடுக்குகின்றன. சரணத்தில் சுத்தமான கிட்டார், மேல் மூன்று நான்கு கம்பிகளில் மட்டும் வெட்டு, அடித்த உடனே இடக்கை விரல்களைத் தளர்த்தி ஒலியைக் கொன்றுவிடுவது, வேண்டுமானால் கொஞ்சம் எக்கோ. கோரஸில் கீழ்க் கம்பிகள், முழு கெய்ன் (கரகரப்பைக் கூட்டும் அளவு). இரண்டுக்கும் பாலம் பேஸ். ரெகேயிலும் பேஸ்தான் ராஜா, ராப்-ராக்கிலும் அடிவயிற்றில் இடிப்பது அதுதான். பி.ஓ.டி.யில் ட்ரா டேனியல்ஸின் விரல்களை மட்டும் தனியாகக் கவனித்துக் கேளுங்கள், கிட்டார் வந்தாலும் போனாலும் அவர் இருந்த இடத்திலேயே இருப்பார். இதைச் சொல்வது பேஸ்காரன், ஆகையால் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளலாம்.

பேட் பிரெய்ன்ஸுக்குத் திரும்பலாம். வாஷிங்டன் நகரத்தில் 1970-களின் கடைசியில் உருவான, நான்கு கறுப்பின இளைஞர்களின் குழு. உலகின் மிக வேகமான பங்க் இசையை வாசித்தவர்கள். அதே கையோடு சுத்தமான ரெகேயும் வாசித்தார்கள். 1982-இல் கேசட்டாக வந்த அவர்களுடைய முதல் தொகுப்பில் இரண்டும் தனித்தனிப் பாட்டுகளாக நிற்கும்: ஒன்றரை நிமிஷம் புயல், அடுத்தது நிதானமான ரெகே. அதன் பாடகர் எச்.ஆர். ராஸ்தஃபாரி நம்பிக்கை கொண்டவர். பி.ஓ.டி. செய்தது, தனித்தனிப் பாட்டுகளாக இருந்ததை ஒரே பாட்டின் சரணமாகவும் கோரஸாகவும் மடித்தது. கடனை மறைக்கவும் இல்லை. 'சாட்டிலைட்' தொகுப்பின் 'வித்தவுட் ஜா, நத்திங்' பாட்டில் எச்.ஆரையே கூப்பிட்டுப் பாட வைத்தார்கள். அதே தொகுப்பில் 'ரிடிக்யுலஸ்' என்ற பாட்டில் ஜமைக்காவின் ஈக்-ஏ-மவுஸ். இவர் பாதி பாட்டு, பாதி பேச்சாக, அர்த்தமில்லாத அசைகளை உருட்டிக்கொண்டே போவார். ஜதி சொல்கிறவரை ரம் குடிக்க வைத்து மைக் முன்னால் நிறுத்தினால் எப்படியோ அப்படி. 2008-இல் வந்த தொகுப்பில் பாப் மார்லியின் மகள்கள் செடெல்லாவும் ஷேரனும் பாடினார்கள். மசாலா தூவுகிறவர்கள் பாக்கெட் வாங்கித் தூவுவார்கள். இவர்கள் தோட்டக்காரர்களையே வீட்டுக்கு அழைத்திருக்கிறார்கள்.

ஆனால் நேர்மையாக ஒன்றைச் சொல்லவேண்டும். இந்தக் குழுவின் மிகப் பெரிய வெற்றிகளில் ரெகே மிகக் குறைவு. 'அலைவ்' முழுக்க ராக். 'யூத் ஆஃப் தி நேஷன்' டிரம்மின்மேல் நடக்கும் பாட்டு, கோரஸில் குழந்தைகள் பாடுகிறார்கள். அந்தப் பாட்டு பிறந்த கதை கனமானது. 2001 மார்ச் 5-ஆம் தேதி சான் டியேகோவை ஒட்டிய சாண்டி என்ற ஊரில், சாண்டானா உயர்நிலைப் பள்ளியில் ஒரு மாணவன் துப்பாக்கியால் சுட்டு இரண்டு மாணவர்கள் இறந்தார்கள். குழு அந்தப் பக்கத்தில்தான் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. அந்த அதிர்ச்சியில் எழுதியதில் தீவுத் தாளத்துக்கு இடமில்லை. ஆகவே வானொலியில் மட்டும் கேட்டவர்கள் 'இவர்களிடம் ரெகே எங்கே?' என்று கேட்டால் அவர்கள்மேல் தப்பில்லை. ரெகே இருப்பது தொகுப்பின் உட்புறப் பாட்டுகளில். 1999 தொகுப்பில் 'செட் யுவர் ஐஸ் டு சையன்' கேளுங்கள். தலைப்பிலேயே சீயோன். எனக்குத் தோன்றுவது இதுதான்: இவர்களிடம் கோபமும் தெருவும் கிட்டாரில் வருகின்றன, ஜெபம் ரெகேயில் வருகிறது. எல்லாப் பாட்டுக்கும் பொருந்தாது. ஆனால் பொருந்துகிற பாட்டுகள் எண்ணிக்கையில் அதிகம்.

இப்போது மூப்பர் கேட்கப்போகும் கேள்வி. 'ஜா' யாருடைய சொல்? ராஸ்தஃபாரிகளின் வாயில் அதிகம் புழங்குவதால் அவர்களுடையது என்று தோன்றுகிறது. ஆனால் அது எபிரெயத்தில் கடவுளின் பெயரின் சுருக்க வடிவம். பழைய ஆங்கில வேதாகமத்தில் 68-ஆம் சங்கீதம் 4-ஆம் வசனத்தில் 'ஜா' என்றே அச்சாகியிருக்கும். நம் பழைய தமிழ் வேதாகமத்தில் அந்த இடத்தில் 'யேகோவா' என்று வரும். இன்னும் நெருக்கமாகக் காட்டவா? மூப்பர் ஒவ்வொரு ஞாயிறும் கையைத் தூக்கிச் சொல்கிறாரே, அல்லேலூயா. 'அல்லேலூ' என்றால் துதியுங்கள். கடைசியில் நிற்கும் அந்த 'யா'தான் 'ஜா'. அவர் அதை வாரத்துக்கு ஐம்பது தடவையாவது சொல்லியிருப்பார்.

அதற்காக ராஸ்தஃபாரியும் கிறிஸ்தவமும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ராஸ் தஃபாரி என்பது 1930-இல் எத்தியோப்பியாவின் பேரரசராக முடிசூடிய ஹெய்லி செலாசியின் முந்தைய பெயர். ஜமைக்காவின் ஏழைக் கறுப்பின மக்களில் ஒரு பகுதியினர் அவரிலேயே கடவுளைக் கண்டார்கள். வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் 'யூதா கோத்திரத்துச் சிங்கம்' என்பது அந்த அரச பரம்பரையின் பட்டப்பெயரும்கூட. அதுவே அவர்களுக்கு அத்தாட்சியாகப் பட்டது. சீயோன் அவர்களுக்கு ஆப்பிரிக்கா, பாபிலோன் தங்களை அடிமைப்படுத்திய உலகம். செலாசியைக் கடவுளாகக் கிறிஸ்தவர்கள் ஏற்பதில்லை, பி.ஓ.டி.யின் வரிகளிலும் வணங்கப்படுவது இயேசுதான். இது உறுதி. ஆனால் வேர் ஒரே புத்தகத்தில் இருப்பதும் உறுதி. பாப் மார்லியே கடைசிக் காலத்தில், 1980-இல், எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் சபையில் ஞானஸ்நானம் எடுத்தவர். நம் ஊர்க் கல்யாண வீடுகளில்கூட ஒரு காலத்தில் ஒலித்த போனி எம் குழுவின் 'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்' 1970-இல் ஜமைக்காவின் மெலோடியன்ஸ் குழு பாடிய ரெகே. வரிகள் 137-ஆம் சங்கீதம்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் 2006-இல் வந்த 'டெஸ்டிஃபை' தொகுப்பில் இருக்கிறது. அதில் இரண்டு பாட்டுகளில் மடிஸ்யாஹு பாடியிருக்கிறார். அவர் அப்போது தாடியும் கறுப்புத் தொப்பியும் வைத்த ஹசிதிய (கட்டுப்பாடான பழமைவழி) யூதர், ரெகே பாடுகிறவர். அந்த இரண்டில் ஒன்றின் பெயர் 'ஸ்ட்ரெங்த் ஆஃப் மை லைஃப்'. நம் 27-ஆம் சங்கீதத்தில் 'கர்த்தர் என் ஜீவனின் பெலனானவர், யாருக்கு அஞ்சுவேன்?' என்று வருகிறதே, அந்தச் சொற்றொடர்தான். கிறிஸ்தவக் குழு, யூதப் பாடகர், ராஸ்தஃபாரிகள் வளர்த்த தாளம். மூவரும் சந்தித்த இடம் தாவீதின் சங்கீதம். (போகிற போக்கில்: அதே தொகுப்பில் 'குட்பை ஃபார் நவ்' பாட்டின் முடிவில் ஒரு பெண் குரல் கேட்கும். அது பாப் பாடகி கேட்டி பெரி. உலகம் அவரைத் தெரிந்துகொள்ள இன்னும் இரண்டு வருஷம் இருந்தது.)

மூப்பர் இன்னும் சமாதானமாகவில்லை என்றால் தஞ்சாவூரைக் காட்டுங்கள். அங்கே கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) 'பெத்லகேம் குறவஞ்சி' எழுதினார். குறவஞ்சி யாருடைய வடிவம்? கோயிலிலும் அரசவையிலும் ஆடியது; குற்றாலநாதரைப் பாடியது. குறத்தி குறி சொல்லும் அந்த மெட்டில் பெத்லகேமைப் பாடியவரின் கீர்த்தனைகளை இன்று நாம் 'பாரம்பரியப் பாடல்' என்று சொல்லி எழுந்து நின்று பாடுகிறோம். தாளத்துக்கு மதம் உண்டா இல்லையா என்பதை என்னால் தீர்க்க முடியாது. தாளத்தோடு அதைப் பிறப்பித்த மக்களின் நம்பிக்கையும் கூடவே வரும் என்று வாதிடுகிறவர்களை நான் ஒதுக்கமாட்டேன், அதில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் எங்கிருந்து எடுக்கிறோம் என்று தெரிந்துகொண்டு எடுக்கச் சொல்கிறேன்.

'கிறிஸ்தவக் குழு' என்ற முத்திரை இவர்களுக்கே நிம்மதி கொடுத்ததில்லை. ஓஸ்ஃபெஸ்ட் மாதிரி ஹெவி மெட்டல் திருவிழாக்களில் வாசித்ததற்கு ஒரு பக்கம் முகச்சுளிப்பு. பைபிள் பையன்கள் என்று மறுபக்கம் கேலி. மார்கோஸ் 2003-இல் விலகி, லிவிங் சாக்ரிஃபைஸ் குழுவிலிருந்து வந்த ஜேசன் ட்ரூபி கிட்டார் எடுத்த காலத்தில் வெளிவந்த தொகுப்பின் அட்டைப்படத்தைப் பார்த்துவிட்டுச் சில கிறிஸ்தவப் புத்தகக் கடைகள் விற்க மறுத்தன. மார்கோஸ் திரும்பி வந்தபிறகு, 2012-இல் 'ஐ ஆம்' என்ற பாட்டில் அரைகுறையாக மறைத்த ஒரு கெட்ட வார்த்தைக்காக மறுபடி சண்டை. அதை வைக்காமலே அந்தப் பாட்டு நின்றிருக்கும் என்பது என் எண்ணம். ஆனால் கோபத்தையே வைக்காமல் எழுதும் குழுவாக இருந்திருந்தால் எல்லைச் சாவடி ஓரத்துப் பையன்கள் யாரும் அவர்களைக் கேட்டிருக்கமாட்டார்கள். 2024-இல் 'வெரிடாஸ்' தொகுப்பு வந்திருக்கிறது. முப்பது வருஷம் தாண்டியும் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

வாசித்துப் பார்க்கலாமா என்றால், தாராளமாக. மேடைக்கு முன்னால் மூன்று விஷயம் பாருங்கள். உங்கள் ஹால் கான்கிரீட்டும் ஆஸ்பெஸ்டாஸுமாக இருந்தால் எதிரொலி ரெகேயின் இடைவெளிகளை விழுங்கிவிடும். கிட்டார் ஆம்ப்பைச் சுவரை விட்டு நகர்த்தி, திரையோ ஜமுக்காளமோ பின்னால் தொங்கவிடுங்கள், மிக்ஸரில் ரிவெர்பை முழுக்க மூடுங்கள். கெய்னைப் பெடலில் மாற்றுவதைவிட கிட்டாரின் வால்யூம் நாபைக் குறைத்தால் சரணத்துக்கு ஒலி தானாகச் சுத்தமாகும், கோரஸில் திறந்துவிடலாம். மிதிக்கும்போது வரும் 'டக்' சத்தமும் இருக்காது. தமிழ்ச் சொற்களை ஆங்கில ராப்பின் அழுத்தத்தில் திணிக்காதீர்கள். தமிழில் பெரும்பாலும் சொல்லின் முதல் அசையில்தான் எடை விழும், ஒன் டிராப்பில் முதல் தட்டு காலி. 'கர்த்தர்' என்று ஒன்றில் ஆரம்பித்தால் தனியாக மாட்டிக்கொள்வீர்கள். அரை எண்ணிக்கை தள்ளி எடுத்துப் பாருங்கள், மூன்றாம் தட்டுக்கு வரும்போது வரி தானாகப் போய் உட்காரும். டிரம்மரிடம் முதல் நாளே ஷூவைக் கழற்றச் சொல்லிவிடுங்கள்.